கிரானில் நின்றுவிடும் மோட்டார் சைக்கிள்

அந்த மோட்டார் சைக்கிள் மேல் பதியுதீனுக்கு இருந்தது சாதாரணக் கோபமில்லை, மானக்கேடு கலந்த கோபம். மட்டக்களப்புப் புளியந்தீவில் அவர் பட்டறை போட்டுப் பதினொரு வருஷம். அவர் கைபட்ட வண்டி இரண்டாம் தரம் திரும்பி வந்ததில்லை. குளத்து வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் கனகசிங்கத்தின் வண்டி மட்டும் வாரம் ஒரு தரமாக நாலாவது கிழமையும் வந்து நிற்கிறது.

நோய் ஒன்றுதான். சனிக்கிழமை கிரான் கிராமத்துக்குப் போகும்போது குதிரை மாதிரி ஓடும். பொழுதுபடத் திரும்பலாமென்று உதைத்தால் அசையாது; பற்றரி செத்துக் கிடக்கும். ஓவசியர் வேறு வழியில்லாமல் வட்டை விதானை வல்லிபுரத்தார் வீட்டில் பாய் விரித்துப் படுத்துவிட்டு, ஞாயிறு காலையில் வண்டியை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுவது விதானையாரின் பொறுப்பு, ஆகவே ஓவசியருக்கு அங்கே வேலை இருந்தது. விதானையாருக்குச் சீதேவிப்பிள்ளை என்று ஒரு மகள் இருந்ததும் ஊரறிந்த விஷயம்.

யாழ்ப்பாணத்தில் இருந்த ஓவசியரின் தாயாருக்கும் அது எட்டிவிட்டது. மட்டக்களப்புக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளை மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்து அங்கேயே மாப்பிள்ளையாக்கிவிடுவார்கள் என்று அந்தப் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. இன்னும் ஒரு இரவு அந்த வீட்டில் தங்கினால் தானே வந்து கூட்டிக்கொண்டு போவதாகவும், யாழ்ப்பாணத்திலேயே பெண் பார்த்தாயிற்று என்றும் கடிதம் போட்டிருந்தார். கனகசிங்கம் அதைப் பதியுதீனுக்கு வாசித்தே காட்டினார். இந்தச் சனிக்கிழமை வண்டி திரும்பி வந்தே ஆகவேண்டும்.

பதியுதீன் டைனமோவைக் கழற்றித் துடைத்தார், வயர் வயராக இழுத்துப் பார்த்தார், பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றினார். பட்டறையில் எஞ்சினை ஓடவிட்டால் மீற்றரின் முள் ஒழுங்காகச் சார்ஜ் பக்கம் சாய்ந்தது. வைத்தியர் முன்னால் மட்டும் நோயாளி சுகமாக இருந்தால் வைத்தியர் என்ன செய்வார்? சனிக்கிழமை தானும் பின்னால் ஏறிக்கொண்டார்.

வழியிலுள்ள ஏறாவூர் வரை ஓவசியரின் தோளுக்கு மேலால் முள்ளையே பார்த்தபடி வந்தார். அது நல்ல பிள்ளையாக இருந்தது. ஏறாவூரில் ஓவசியர் வண்டியை நிறுத்தி, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிவரச் சொல்லி அவரை அனுப்பினார். பழத்தோடு ஏறிக் கால் மைல் போகவில்லை, முள் மறுபக்கம் விழுந்துவிட்டது.

பதியுதீன் வண்டியை நிறுத்தச் சொன்னார். பழம் வாங்கிய நேரத்தில் பழுது வந்ததென்றால், வண்டிக்குப் பக்கத்தில் நின்றவர்தான் பழுதாக்கியிருக்க வேண்டும். குனிந்து தடவினார். மூடி எப்போதோ தொலைந்துபோன டைனமோவில், மஞ்சள் நூலால் கட்டிய ஒரு செப்புத் தகடு. ஒரு ஓரம் வயரின் நுனியில், மறு ஓரம் வெறும் இரும்பில். டைனமோ தந்த மின்சாரம் முழுவதும் அந்தக் குறுக்கு வழியால் ஓடியது. பற்றரிக்குச் சொட்டும் போகவில்லை.

“இது ஆர் வெச்சது, ஐயா?”

ஓவசியர் நிலத்தைப் பார்த்தபடி விஷயத்தைக் கக்கினார். பாயோடு ஒட்டாமலிருக்க, கிரானில் வேலை என்று தெரிந்த உடனேயே அம்மா அனுப்பிய மந்திரத் தகடு. வண்டியின் உயிர்நிலையில் கட்டச் சொல்லி உத்தரவு. படித்த மனுஷன் யோசித்து, மோட்டார் சைக்கிளுக்கு உயிர்நிலை டைனமோதான் என்று முடிவுகட்டியிருந்தார். பட்டறைக்கு வரும்போது மட்டும் வெட்கத்தில் அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்துவிடுவார்.

பதியுதீனுக்கு நாலு கிழமைக் கோபமும் சிரிப்பாக வெடித்தது. ஒட்டக்கூடாதென்று கட்டிய தகடுதான் மனுஷனைச் சனிக்குச் சனி கிரானில் ஒட்டவைத்திருக்கிறது. அவிழ்த்து ஓவசியரின் கையில் கொடுத்தார். வண்டி புறப்பட்டதும் முள் எழுந்தது.

பொழுதுபட விதானையார் வீட்டு வாசலில் ஓவசியர் ஒரே உதைதான் உதைத்தார். வண்டி முழங்கியது, லாம்பு வேலிவரை வெளிச்சம் அடித்தது. பதியுதீன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். வல்லிபுரத்தார் வழியனுப்ப வந்தார். கதவடியில் நின்ற சீதேவிப்பிள்ளையின் முகம் வாடிப்போயிருந்தது. அதைக் கண்டதும் பதியுதீனுக்குத் தன் கைத்திறன் மேலேயே எரிச்சல் வந்தது.

கனகசிங்கம் அவர் பக்கம் குனிந்து, வண்டியைக் கொஞ்சம் பழுதாக்க முடியுமா என்று கெஞ்சினார்.

“ஏலா ஐயா. நாலு கிழமைக் கெட்ட பேரை இப்பதான் கழுவியிரிக்கன்.”

ஓவசியர் இரைகிற வண்டியை அணைத்துவிட்டு விதானையார் முன்னால் போனார்.

“வண்டி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் போக மனமில்லை. உங்கட மகளை எனக்குத் தருவீங்களோ?”

வல்லிபுரத்தார் மகளைப் பார்த்தார். அவள் உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள். யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு யார் பதில் சொல்வது என்று விதானையார் கேட்டார்.

“நானே போய்ச் சொல்லுறன்,” என்றார் ஓவசியர். “இனி வண்டி இங்க திரும்பியும் வரும்.”