இல்லாததையும் இருக்கு என்ற மிஷின்

“கனகாக்கா போன எடுக்கலியா?” என்று கேட்டாள் கஸ்தூரி.

“லைனே செத்துக் கீது. தூறல் போட்டா திருப்புலிவனம் லைன் எப்பவும் இப்படித்தாம்மா,” என்றார் கிளார்க் சுப்பிரமணி.

மணி பதினொன்றரை. உத்திரமேரூர் விவசாயிகள் சங்கத்துக்கு எண்பத்தெட்டில் வந்த புதுக் கம்ப்யூட்டரை ஓட்டுகிறவள் கஸ்தூரிதான், தற்காலிக வேலை. திருப்புலிவனம் கிளையில் இருப்பது பழைய மிஷின், அதை ஓட்டும் டாஸ் மென்பொருளும் பழையது. பம்புசெட் கரண்டுக்குக் காத்திருக்கும் தொள்ளாயிரம் பேரின் வரிசைப் பட்டியலை அங்கே வேலை பார்க்கும் கனகா எட்டு மாதம் தட்டிச் சேர்த்தது அதில்தான். வேறு நகல் கிடையாது.

காலையில் கஸ்தூரி சங்கச் செயலாளர் ஏகாம்பரத்திடம் அங்கே ஒரு பிளாப்பித் தட்டு கொடுத்தனுப்பியிருந்தாள். ‘எக்ஸ்காப்பி’ என்ற கட்டளை மிஷினில் இருக்கிறதா என்று அது முதலில் பார்க்கும். இருந்தால் பட்டியலை நகலெடுத்துவிட்டு, இடம் பற்றாத மிஷினிலிருந்து மூலத்தை அழித்துவிடும்.

சற்று முன் இங்கே அதே சோதனையில் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்துவிட்டாள். அப்படி ஒரு கட்டளையே கிடையாது. திரையில் ‘இருக்கு’ என்று வந்தது.

கட்டளை இல்லாவிட்டால் ‘தெரியாது’ என்று ஒரு வரி காட்டுமே தவிர, முந்தைய வேலை ஒழுங்காக முடிந்ததற்கு உள்ளே குறித்துவைத்த ‘சரி’யை டாஸ் மாற்றாது. அவள் அந்தச் ‘சரி’யை நம்பியிருந்தாள். ‘தெரியாது’ என்ற வரியையும் அவளே திரையிலிருந்து துடைக்க வைத்திருந்தாள். “வெள்ளிக்கெயம அதுவுமா மிஷின் இல்லேன்னு சொல்லக் கூடாதும்மா,” என்று ஏகாம்பரம் சொன்னதால். பழைய டாஸில் எக்ஸ்காப்பி இல்லாவிட்டால், நகல் எடுபடாமலே மூலம் அழிந்துவிடும்.

“இந்நேரம் செயலாளர் பிளாப்பியப் போட்டிருப்பாரா?”

“பன்னெண்டு வரைக்கும் ராவுகாலம் கீது, தொடமாட்டாரு. என் சைக்கிள எடுத்துக்கினு போ. பிரேக் புடிக்காது, பாத்து!”

சேறு தெறிக்க அவள் கிளையில் போய் நின்றபோது, ஏகாம்பரம் மிஷினுக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்.

“போடாதீங்க சார்! நான் எழுதினது தப்பு. பட்டியலே போயிடும்.”

“நல்ல நேரம் பொறக்கச் சொல்ல இன்னாம்மா பேஜாரு?”

“சோதன மட்டும் போட்டுப் பாத்தேன்டி,” என்றாள் கனகா. “இருக்குன்னு தானே வந்துச்சி?”

“எதக் கேட்டாலும் அதான்க்கா சொல்லும். சார், இதுல இல்லவே இல்லாத ஒரு பேர அடிங்க.”

“உன் வேல இன்னியோட இல்ல. அத்த அடிக்கட்டா?”

கஸ்தூரி கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினார்.

“யார் பேரு சார்?”

“எங்க நைனா. செத்து ஆறு வருசம் ஆவுது.”

‘இருக்கு’ என்றது மிஷின்.

ஏகாம்பரம் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். அணைந்த கற்பூரத்தட்டைக் கனகா மெல்ல நகர்த்தி வைத்தாள்.

“பிளாப்பிய வெளிய எடு,” என்றார் கடைசியில். “பழைய மாதிரி ஒண்ணொண்ணா காப்பி பண்ணு. எதையும் அழிக்காத.”

“என் வேல சார்?”

“மொதல்ல தொள்ளாயிரம் பேரும் வெளிய வரட்டும். அப்பறம் உன் பேச்சு.”

கஸ்தூரி வேறொரு பிளாப்பியைச் செருகப் போனாள். மிஷினின் வாய் அகப்படாமல் அது இரண்டு முறை இடித்தது. கனகா அவள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே தள்ளினாள்.