கால்வின் சிரித்த இடம்

பெர்னிஸ் அந்தப் புள்ளியை முதலில் அழித்துவிட்டாள். திரையில், கல்லீரல் படத்தின் வலப்பக்கத்தில், கொட்டைப்பாக்கு அளவில் ஒரு வட்டம். சுற்றியிருந்ததைவிடச் சீக்கிரம் வெளுத்து, சீக்கிரமே மங்கியது. அதைச் சுற்றிக் கோடு போட்டுக் கணக்கிலிருந்து நீக்கினாள். காரணம் அவளுக்குத் தெரியும். படமெடுக்கும்போது தம்பி சிரித்து ஆடியிருந்தான்.

கல்லீரல் கட்டிகளுக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று கணக்குப் போடுவதுதான் அவள் ஆராய்ச்சி. கையில் மருந்தை ஏற்றி, அது ஈரலுக்குள் பரவுவதை எம்.ஆர்.ஐ. அடுத்தடுத்துப் படமெடுக்கும். நல்ல ஈரலுக்குப் பெரும்பங்கு ரத்தம் குடலிலிருந்து சிரை வழியாக நிதானமாக வந்து சேரும். கட்டியோ தமனியிலிருந்து நேரே உறிஞ்சிக்கொள்ளும். இரண்டையும் பிரித்துச் சொல்லும் சமன்பாட்டைச் சோதிக்க நோயாளிகள் மட்டும் போதாது, நோயில்லாதவர்களும் வேண்டும். ஆள் கிடைக்காதபோது ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள்: வீட்டு ஆளைப் பிடித்தாள்.

கிள்ளானில் லோரி கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி கால்வின், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாடு என்ற பேரத்துக்கு ஒப்புக்கொண்டு, போன சனிக்கிழமை வந்து படுத்தான். "தண்ணியே தொட்டதில்ல கா. என் லிவருக்கு கப் குடுக்கணும் லா." இயந்திரத்தின் பெண்குரல் மலாயில் "தாஹான் நாஃபாஸ்" என்று மூச்சைப் பிடிக்கச் சொன்னதும் உள்ளேயிருந்து சிரிப்பு கேட்டது. அன்றிலிருந்து அக்காவைக் கண்டால் அது ஒரு விளையாட்டு. கன்னத்தை உப்பி மூச்சைப் பிடிப்பான். அவள் அந்தக் குரலில் "லெப்பாஸ்", மூச்சை விடு, என்றால்தான் விடுவான்.

பக்கத்து மேசை சிந்து, கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்தவள், திரையை எட்டிப் பார்த்தாள். "இத ஏன் வெட்டுனீங்க?"

"மூச்சு ஆடிருச்சு. உள்ள சிரிச்சான், குரங்கு."

"ஆடுனா ஓரமெல்லாம்ல கலங்கணும்? ஓரம் கத்தியில வெட்டுன மாதிரி இருக்கு. நடுவுல மட்டும் எப்படிங்க?"

அவள் வாயை அடைக்கத்தான் பெர்னிஸ் வட்டத்தைக் கணக்கில் திரும்பச் சேர்த்தாள். சமன்பாடு ஓடியது. வரைபடத்தில் கோடு ஏறியது, வளைந்தது, ஒவ்வொரு அளவுப் புள்ளியின் மேலும் தவறாமல் உட்கார்ந்துகொண்டது. எந்த நோயாளியிடமும் இவ்வளவு அழகாகப் பொருந்தியதில்லை. வேறொரு நாளென்றால் கைதட்டியிருப்பாள். கீழே விடை வந்தது: ஏறக்குறைய எல்லா ரத்தமும் தமனியிலிருந்து.

பெர்னிஸ் படத்துக்குத் திரும்பினாள். படத்தின் மேல் மூலையில் பெயர் கிடையாது, 'இயல்பு' என்ற குறிப்பு மட்டும். அந்தக் குறிப்பை அவள்தான் போட்டாள். யாரோ ஒருவரின் படமாக இருந்தால் பார்த்த மாத்திரத்தில் கட்டி என்று சொல்லியிருப்பாள்.

"எல்லாம் கேன்சரா இருக்காதுங்க," என்றாள் சிந்து. "சாதாரணக் கட்டிகூட இப்படி சட்டுனு வெளுக்கும்."

வெளுக்கும். ஆனால் இப்படிச் சீக்கிரம் மங்குவது பெரும்பாலும் கெட்ட கட்டிதான்; அது இருவருக்கும் தெரியும். பெர்னிஸ் தொலைபேசியை எடுத்தாள்.

தன்னார்வலர்களின் படங்களை மாதக் கடைசியில் மொத்தமாகப் பார்க்கும் டாக்டர் திருச்செல்வம், இதை உடனே திறந்து பார்த்தார். தொலைபேசியிலேயே சொன்னார்: "திங்கக்கெழம கூட்டிட்டு வாங்க. ஸ்கேன் திரும்ப எடுக்கணும்னு மட்டும் சொல்லுங்க. மத்தத நான் பேசிக்கிறேன்." ஆய்வின் விதியும் அதுதான்: முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அந்த விதியை எழுதிக் கொடுத்ததும் அவளேதான்.

சாயங்காலம், பேரம் பேசிய சாப்பாட்டுக்கு, பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் கால்வின் இலைக்கு முன்னால் உட்கார்ந்து கையாட்டினான். ரசம் ஓரத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. சோற்றால் அணை கட்டினான்.

"என்ன கா மூஞ்சி? என் லிவர் ஃபெயிலா?"

"திங்கக்கெழம லீவு போடு. திரும்ப எடுக்கணும்."

"சிரிச்சது நான்தானே, சாரி லா. இந்தத் தடவ பாரு, கல்லு மாதிரி படுப்பேன்." உடனே பெண்குரலை வரவழைத்து, "தாஹான் நாஃபாஸ்" என்றான். கன்னத்தை உப்பினான்.

அவள் "லெப்பாஸ்" சொல்ல வாயைத் திறந்தாள். மின்விசிறிக் காற்றில் இலையின் நுனி அடித்துக்கொண்டிருந்தது. ரசம் அணையை உடைத்து மேசையில் இறங்கியது. கழுத்து நரம்பு புடைக்க, சிரிக்கும் கண்களோடு, அவள் சொல்லட்டும் என்று அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.