கம்பெனிக்காரன் மறந்துட்டான்

தொலைக்காட்சி மேசைக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, சின்ன வைஃபை பெட்டியின் மேல் கிடந்த துண்டை உருவினாள் ஷாமளா. பச்சை விளக்கு எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு எரிந்தது. அணைத்துப் போட்டாள். தட்டிப் பார்த்தாள். கும்பிடாத குறையாகக் கெஞ்சியும் பார்த்தாள். சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

அவளுக்குப் பின்னால், கூடத்தின் நடுவே, அப்பா காளியப்பன் புது வேட்டி சட்டையோடு சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார். முந்தின நாள் சாயங்காலம் தேத்தண்ணி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர், அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டார். நோய் நொடி என்று படுக்கவில்லை, ஒருவர் கையையும் எதிர்பார்க்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் "கொடுத்து வச்ச மனுசன்" என்றுதான் சொன்னார்கள். ஷாமளாவுக்கும் அது தெரிந்திருந்தது. தெரிந்தும் உலு திராமிலிருந்து காரில் வந்த வழியெல்லாம் அழுதுகொண்டேதான் வந்தாள்.

இப்போது அழ நேரமில்லை. மதியம் பெட்டியை மூடி குளுவாங் மயானத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதற்குள் அக்கா வாசுகி அப்பாவின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அவள் இருப்பது ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில். அந்த வாரம்தான் முழங்காலில் ஆப்பரேஷன் முடிந்திருந்தது. விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடியோவில் காட்டலாம் என்றால், பாலோவின் ஓரத்தில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருக்கும் இந்தத் தாமான் குடியிருப்பில் கைப்பேசிக்கு சிக்னல் கிடைப்பது குதிரைக் கொம்பு. வைஃபை இருந்தால்தான் ஆள் முகம் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டுக் கிழத் தம்பதிக்கு ரேடியோவே போதும்.

காலையில் தெருமுனைக்குப் போய், சிக்னல் ஒரு கோடு ஏறும்வரை காத்து நின்று அக்காவிடம் பேசியிருந்தாள்.

"லைன் வரலன்னா போட்டோ எடுத்து அனுப்பவாக்கா?"

"போட்டோவை வச்சு நான் என்னடி செய்ய? அப்பாகிட்ட பேசணும். மூடுறதுக்கு முன்னால ஒரு தடவ காட்டிடு. வேற ஒண்ணும் கேக்கல."

அங்கிருந்து ஓடிவந்துதான் ஷாமளா வைஃபை பெட்டியின் முன் மண்டியிட்டிருந்தாள்.

தம்பி ரூபேந்திரன் வாசலில் இருந்து உள்ளே வந்தான். நீர்மாலை எடுத்துவிட்டு வந்த ஈர வேட்டி, மேலே சட்டையில்லை. வாசலில் போட்டிருந்த கெமாப் பந்தலைக் கையால் காட்டினான்.

"அலமாக், எல்லாம் இவனுங்க பண்ண வேலக்கா. ராத்திரி கெமா போடுறப்ப இரும்புக் கால தூக்கியிருக்கானுங்க, வயர் அறுந்து தொங்குது. கம்பெனிக்குப் போன் அடிச்சுடுறேன். சாவு வீடுன்னு சொன்னா சீக்கிரமா வருவாங்க லா."

"கம்பெனிக்கு வேணாம்."

சொன்னது அம்மா அங்கம்மா. பெட்டியின் தலைமாட்டில், விடிந்ததிலிருந்து வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தவள். கூடத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கம்மா தரையில் கை ஊன்றி எழுந்தாள். ஷாமளாவின் மணிக்கட்டைப் பிடித்து, அடுப்பு பற்றவைக்காத சமையலறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"என்னம்மா? அக்கா பாக்க வேணாமா?"

"பாக்கணும்டி. அதுக்காகக் கம்பெனிக்காரனுக்குத் தெரிய விடலாமா?"

"எதத் தெரிய விடக் கூடாது?"

"நம்ம லைன் இன்னும் ஓடுறது."

ஷாமளாவுக்கு ஒன்றும் புரியவில்லை. துக்கத்தில் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். அக்கம் பக்கத்தார் பிளாஸ்கில் கொண்டுவந்து வைத்திருந்த காப்பியை ஊற்றிக் கொடுத்தாள். அங்கம்மா வாங்கி ஓரமாக வைத்தாள்.

"நீ லைன் போட்டுக் குடுத்தப்ப ரெண்டு வருச கொண்ட்ராக்னு சொன்னல்ல? அது முடிஞ்சு ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. முடிஞ்ச அன்னிக்கு உங்கப்பா காலையிலேருந்து வாசல்லயே உக்காந்திருந்தாரு, வெட்ட வருவாங்கன்னு. யாரும் வரல. மறுநாளும் வரல. அப்பறம் எங்கிட்ட வந்து, காதோட காதா சொல்றாரு, 'அங்கம்மா, கம்பெனிக்காரன் மறந்துட்டான்'."

காளியப்பன் வாழ்நாள் முழுக்கச் செம்பனைக் குலை வெட்டியவர். லாபிஸ் பக்கத்துத் தோட்டங்களில் கொண்ட்ராக் ஆளாக மாறி மாறி வேலை செய்தவர். கொண்ட்ராக் முடிந்தால் மறுநாள் காலை ஆள் எண்ணும் பிரட்டில் பெயர் கூப்பிட மாட்டார்கள். லயத்து வீட்டு வாசலில் லாரி வந்து நிற்கும். பாயும் பானையும் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அவருக்குத் தெரிந்த கொண்ட்ராக் அது ஒன்றுதான். வீட்டு இணைய கொண்ட்ராக் முடிந்தாலும், யாரும் நிறுத்தச் சொல்லாதவரை அது பாட்டுக்கு மாதா மாதம் ஓடிக்கொண்டே இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று ஷாமளாவுக்கும் தோன்றவில்லை. கட்டணம் அவளுடைய வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது; அவளே அதை மறந்து போயிருந்தாள்.

"அதுக்குத்தான் அந்தத் துண்டு," என்றாள் அங்கம்மா. "விளக்கு எரியறது வெளிய தெரியக் கூடாதுன்னு. கம்பெனி வேன் தெருவுல போச்சுன்னா சன்னலச் சாத்திடுவாரு. லைன் மெதுவா போனாலும் பொறுத்துக்க, புகார் பண்ணினா ஞாபகம் வந்துடும்பாரு. வாசுகிகிட்ட பேசுறப்பக்கூட மெதுவாத்தான் பேசணும். வயர்ல கேட்டுடுமாம்."

ஷாமளா வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு வருடமாக அப்பா வீடியோவில் கிசுகிசுவென்று பேசியதற்குக் காரணம் அதுவா? தொண்டையில் ஏதோ கட்டி வந்துவிட்டது என்று பெர்த்தில் வாசுகி தூக்கமில்லாமல் கிடந்தாள். ஷாமளா வேலைக்கு லீவு போட்டு அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் வாய்க்குள் லைட் அடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று கசப்பான மருந்து எழுதிக் கொடுத்தார். அப்பா மூச்சு விடவில்லை. ரகசியம் வெளியே போகாமல் இருக்க அந்த மருந்து முழுவதையும் குடித்துத் தீர்த்தார்.

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சாவு வீட்டுச் சமையலறையில், தாலி அறுக்கப்போகும் அம்மாவின் முன்னால் நின்றுகொண்டு, அவள் தோள் குலுங்கச் சிரித்தாள். வெளியே இருந்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது.

"எங்ககிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்கள்லாம் படிச்ச புள்ளைங்க. நியாயம் பேசிக்கிட்டு, நீங்களே போன் அடிச்சுச் சொல்லிடுவீங்கன்னு பயந்தாரு. என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு." அங்கம்மாவின் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது. "ஆயுசுக்கும் எவனையும் ஏமாத்தினதில்ல மனுசன். இது ஒண்ணுதான். என்னா சந்தோசம் தெரியுமா? சாப்பிட உக்காந்தா சிரிப்பாரு. 'எத்தன கம்பெனி நம்மள வெளிய தள்ளுச்சு, ஒருத்தனாச்சும் மறந்தானே'ம்பாரு."

ஷாமளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா, யாரும் மறக்கலம்மா. கொண்ட்ராக் முடிஞ்சாலும் லைன் ஓடும். நாந்தான் மாசாமாசம் கட்டுறேன். ஒருத்தரும் வெட்ட மாட்டாங்க."

"போடி. என்னச் சமாதானம் பண்ணறதுக்காகச் சொல்ற."

"சத்தியமாம்மா."

"கொண்ட்ராக் முடிஞ்சதுக்கப்பறம் எவன்டி நம்மள வச்சிருப்பான்?"

எட்டு வயதில் லாரியின் பின்னால் பானைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்தது அவளுக்கும் நினைவிருந்தது.

அங்கம்மா ஆறிப்போன அடுப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "அவன் வந்து பாத்தான்னா கையோட வெட்டிட்டுப் போயிடுவான். அப்பறம் நான் என்னா செய்யறது? இவரும் இல்ல. பொழுது சாஞ்சா வாசுகி மொகத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன், அதான் எனக்கு மிச்சம். புது லைன் கெடைக்குமோ கெடைக்காதோ, யாருக்குத் தெரியும்?"

கூடத்தில் சடங்கு செய்யும் பண்டாரம் வீரமுத்து தேவாரம் தொடங்கினார். அங்கம்மா கதவுப் பக்கம் திரும்பினாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"சரி, ரூபனக் கம்பெனிக்குப் போன் அடிக்கச் சொல்லு. வெட்டினா வெட்டிட்டுப் போறான். அவ அப்பன் மொகத்த ஒரு தடவ பாத்துடட்டும்."

ரூபேந்திரன் தெருமுனைக்கு ஓடினான். ஈர வேட்டியோடு தெருவில் நின்று போனில் கெஞ்சிக்கொண்டிருந்த அவனைப் பார்த்து, ஜோகூர் பாருவிலிருந்து வந்திருந்த உறவுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். குளுவாங்கிலிருந்து ஆள் வருகிறான், வருகிறான் என்று தகவல் வந்துகொண்டே இருந்தது, ஆள் வரவில்லை. வீரமுத்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேத்திகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வந்தார்கள். அமரர் வண்டி வந்து நின்றது. வாய்க்கரிசிக்கு அரிசி களைந்து வைத்தாயிற்று.

"இதுக்கு மேல தாமசம் பண்ணக் கூடாது தங்கச்சி," என்றார் வீரமுத்து.

"இன்னும் கொஞ்ச நேரம்ணே. எங்கக்காவுக்காக," என்று ஷாமளா கைகூப்பினாள்.

வேன் வந்தது. இறங்கிய மலாய்க்கார இளைஞனின் சட்டையில் ஹபீஸ் என்று தைத்திருந்தது. வாசலில் காலணியைக் கழற்றி, பெட்டியைப் பார்த்து ஒரு நிமிடம் தலை குனிந்து நின்றுவிட்டு, ஏணியை எடுக்கப் போனான். அவன் ஏணியில் கால் வைக்கும்போது, யாரும் எதிர்பாராமல் அங்கம்மா எழுந்து கெமாவுக்கு வந்துவிட்டாள். "நீ எங்கம்மா வெளிய வர்ற?" என்று யாரோ பதறினார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

"ஆடேக், தோலோங்," என்றாள் அவனைப் பார்த்து. "ஜாங்ஙான் பொத்தோங்."

தயவுசெய்து வெட்டிவிடாதே என்று தன்னிடம் ஏன் கெஞ்சுகிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. அங்கம்மா தோட்டத்து மலாயில் எல்லாவற்றையும் சொன்னாள். கொண்ட்ராக் எப்போதோ முடிந்துவிட்டது, புருசனுக்கும் அது தெரியும், நல்ல மனுசன்தான், இப்போது அவரே இல்லை, அவர் மேல் கோபம் வேண்டாம், லைனை மட்டும் விட்டுவிடு. ஹபீஸ் ஷாமளாவைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு, பெரியவர்களிடம் பேசும் நிதானத்தோடு மலாயில் சொன்னான்: கொண்ட்ராக் முடிந்தாலும் லைன் ஓடும், நீங்களாக நிறுத்தச் சொன்னால்தான் நிறுத்துவோம், அப்படி யாரும் சொல்லவில்லை.

"அப்படின்னா நீங்க மறந்து போகலையா?" என்று கேட்டாள் அங்கம்மா.

"யாரும் மறக்கல மக்சிக். வெட்டவும் மாட்டோம்."

மகள் சொல்லி நம்பாததை, சீருடை போட்டவன் சொன்னதும் அங்கம்மா நம்பினாள். நெஞ்சில் கை வைத்து நீளமாக மூச்சு விட்டாள். சாயங்காலங்கள் அவளுக்கே இருக்கும்; வாசுகி அவளை விட்டுப் போகவில்லை. ஷாமளாவுக்கு அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் அந்த மூச்சு அடங்கியதும் அங்கம்மா திரும்பி, கூடத்துக்குள் கிடந்த பெட்டியைப் பார்த்தாள். அவள் முகம் வாடிப்போனது. எதற்கு என்று ஷாமளாவுக்கு அப்போது பிடிபடவில்லை.

ஹபீஸ் கைதேர்ந்தவன். வயரை ஒட்டி, இழுத்துக் கட்டி, இறங்கி வந்து கட்டைவிரலைக் காட்டினான். அடுத்த நிமிடம் ஷாமளாவின் கைப்பேசியில் வாசுகி வந்துவிட்டாள். தலையணையில் சாய்ந்து, முகம் வீங்கி, கலைந்த தலையோடு. ஷாமளா கைப்பேசியைப் பெட்டிக்கு மேலே பிடித்தாள்.

திரையில் வாசுகியின் முகம் அசையாமல் நின்றது. லைன் நின்றுவிட்டதோ என்று ஷாமளா திருப்பிப் பார்த்தாள். நிற்கவில்லை, அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் தூங்குறாருடி," என்றாள் கடைசியில். "மொகத்துல ஒரு கஷ்டமும் இல்ல."

"இல்லக்கா."

"அப்பா, நான் நல்லா இருக்கேன்ப்பா. காலு தேவலாம். நீங்க என்னப் பத்திக் கவலப்படாதீங்க."

கூடத்திலிருந்த அத்தனை பேரும் அழுதார்கள். அழுகை ஓய்ந்ததும் மனம் லேசாகிவிட்டது. ரூபேந்திரனுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. விஷயத்தைத் தெருமுனையில் ஷாமளா அவனிடம் சொல்லியிருந்தாள். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கைப்பேசிக்குள் தலையை நீட்டினான்.

"வாசுகிக்கா, அப்பாவுக்குத் தொண்ட ஏன் அடைச்சுச்சுன்னு தெரியுமா? கேட்டா சிரிப்ப. லைன் கொண்ட்ராக் முடிஞ்சுடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு..."

"டேய்!" அங்கம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "இங்க பேசாத. அவரு போனதுக்கப்பறம் சொல்லு."

ஷாமளா அம்மாவைப் பார்த்தாள்; அந்த முகம் எதற்கு வாடியது என்று இப்போது புரிந்தது. வீரமுத்து அரிசித் தட்டோடு வந்து நின்றார். அங்கம்மா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். புருசனின் காதில் ஒட்டியிருந்த பூவிதழை எடுத்துப் போட்டாள்.

"கம்பெனிக்காரன் வந்தான்," என்று அவர் காதில் சொன்னாள். "ஒண்ணும் கண்டுபிடிக்கல. வயர ஒட்டிட்டுப் போயிட்டான். லைன் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. நீங்க நிம்மதியா போங்க."

"என்னம்மா சொன்னீங்க?" என்று கேட்டாள் வாசுகி.

"ஒண்ணுமில்ல," என்று அங்கம்மா நிமிர்ந்து, தட்டிலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளினாள்.