மலைக்குப் போன பனியன்

"பருத்தி பனியனா? அப்படியானால் உன்னைச் சவப்பெட்டியில் வைத்துத்தான் கீழே இறக்க வேண்டும்." கம்ப்யூட்டர் திரையில் இங்கிலீஷில் இருந்த அந்த வரியைத் திருமூர்த்தி திரும்பத் திரும்பப் படித்தான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் படித்தான். கீழே கட்டிங் டேபிளிலிருந்து பறந்து வந்த பஞ்சுத்தூசி திரையின் மேலும் மெல்லிசாகப் படிந்திருந்தது. மண்ணரை என்கிற ஊரில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியில் அத்தனை பேரும் மூச்சோடு பருத்தியை இழுத்துக்கொண்டுதான் வேலை செய்தார்கள். சோற்றில்கூடப் பஞ்சு கிடக்கும், எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவார்கள். பெற்ற தாயை யாரோ திட்டிவிட்டது போல் அவனுக்குச் சுருக்கென்றது. அந்த வரிக்குக் கீழே வெள்ளைக்காரர்கள் வரிசையாகச் சிரித்து எழுதியிருந்தது இன்னும் எரிச்சலாக இருந்தது.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் அது. கம்பெனிக்கு இன்டர்நெட் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. திருமூர்த்திதான் மெர்ச்சண்டைசர், வெளிநாட்டு ஆர்டர்களுக்கெல்லாம் அவன்தான் பதில் எழுதுவான். ஸ்காட்லாந்தில் மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் சின்னக் கடை வைத்திருந்த காலின், கம்பெனியில் சரக்கு வாங்கும் பையர், தானும் பெரிய மலையேறி. "நீங்கள் தைக்கிற துணியைப் போடுகிறவர்கள் எப்பேர்ப்பட்டவர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்" என்று சொல்லி, தன் கூட்டாளிகள் கூடி அரட்டை அடிக்கும் ஈமெயில் குழுவில் திருமூர்த்தியின் முகவரியையும் சேர்த்துவிட்டிருந்தான். காலையில் கோயமுத்தூர் நம்பருக்கு டயல் செய்து, மோடம் கத்தி முடித்து லைன் கிடைத்ததும், பையர்களின் கடிதங்களுக்கு நடுவே இந்த அரட்டையும் பொலபொலவென்று வந்து விழும்.

அதில் பாதி அவனுக்குப் புரியாது. புரிகிற பாதி குழப்பும். "உன் கயிற்றில் என் பாட்டியின் துணியைக்கூடக் காயப்போட மாட்டேன்" என்பான் ஒருவன். "நேற்று மேகம் இறங்கி வழியெல்லாம் மறைந்துவிட்டது, ஒரு செம்மறியாடுதான் எனக்கு வழிகாட்டியது, உன்னைவிட அதற்கு விவரம் அதிகம்" என்பான் இன்னொருவன். ராப் என்ற ஒருவன் யார் மலைக்குக் கிளம்பினாலும், "நீ விழுந்தால், மலைக்குத் தூக்கிப் போகிற உன் அடுப்பு எனக்கு, சொல்லிவிட்டேன்" என்று எழுதுவான். வரி முடிவிலெல்லாம் ஒரு முக்காற்புள்ளி, ஒரு கோடு, ஓர் அடைப்புக்குறி கிடக்கும். டெலிபோன் லைன் சரியில்லாததால் வருகிற குப்பை என்று நினைத்துத் திருமூர்த்தி அவற்றை ஒவ்வொன்றாக அழித்துவிட்டுத்தான் முதலாளிக்குப் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பான்.

முதலாளி அப்புசாமி பொங்கலூர்ப் பக்கத்து விவசாயி. தோட்டத்தை விற்காமலேயே கம்பெனி போட்டவர் என்பதில் அவருக்கு ஒரு மிதப்பு உண்டு. திருமூர்த்தி வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லத் தாடையைச் சொறிந்துகொண்டே கேட்பார்.

"ஏந்தம்பி, இவனுக சண்டை போடறானுகளா, கொஞ்சறானுகளா?"

"தெரியலீங்ணா. சிரிக்கற மாதிரியும் இருக்குதுங்க, வையற மாதிரியும் இருக்குதுங்க."

"மலைக்குப் போறவனப் பாத்து நீ உழுந்துருவேன்னு சொல்றானே, வாய் கூசாதா?"

திருமூர்த்திக்கும் அதே சந்தேகம்தான். வருஷம் தவறாமல் வெள்ளியங்கிரி ஏறுகிறவன் அவன். மூங்கில் தடியும் வெறுங்காலுமாக ஏழு மலையும் ஏறி இறங்குவான். போகிற வழியில் யாராவது வழுக்கி விழுந்தால்கூட, விழுந்தான் என்று சொல்ல மாட்டார்கள், சாமி உட்கார வைத்துவிட்டார் என்பார்கள். ஏறுகிற நாள் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டால் அவன் மனைவி தெய்வாத்தாள் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். ஒருமுறை அவன் தண்ணீர் பாட்டிலை மறந்து வைத்துவிட்டுப் போனபோதும் கூப்பிடாமல், பாட்டிலோடு பஸ் ஸ்டாண்டு வரை ஓடி வந்து முன்னால் போய் நின்று கொடுத்தாள். அப்படிப்பட்டவனுக்கு இந்தக் கூட்டத்தின் பேச்சு எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் வால் என்று பிடிபடாததில் ஆச்சரியம் இல்லை.

வினை அவர்களின் நல்ல மனசில்தான் தொடங்கியது. காலின் கேட்டிருந்தது பாலியஸ்டர் உள்பனியன். சாம்பிள் தயாராகிக்கொண்டிருந்தபோது, காலினே அந்த மாசியில் பெரிய பனிமலை ஒன்றில் ஏறப் போகிறான் என்று ஈமெயிலில் வந்தது. அப்புசாமி துடித்துப் போனார். "மலைக்குப் போறவருக்குப் பாலியஸ்டராங் தம்பி? அது மனுசன் ஒடம்புல போடறதா? ஆர்டர் ஆர்டரா இருக்கட்டும். அவருக்குன்னு நாம ஒண்ணு செஞ்சு குடுக்கோணும்." திருமூர்த்தியே போய் சீவிச் சுத்தம் செய்த முதல் தரமான கோம்டு நூல் பார்த்து எடுத்தான். கனமான இன்டர்லாக் துணியாகப் பின்னச் சொல்லி, தைக்கும்போது பக்கத்திலேயே நின்றான். கலப்பே இல்லாத சுத்தப் பருத்தி. அப்புசாமி அதைக் குலதெய்வத்தின் காலடியில் வைத்து எடுத்து வந்தார். "மலை உச்சியில் இதை அணிந்துகொள்ள வேண்டும், இது எங்கள் முதலாளியின் வேண்டுதல்" என்று எழுதிப் பார்சலில் வைத்தவனும் திருமூர்த்திதான். சத்தியமாக அணிகிறேன் என்று காலினிடமிருந்து பதில் வந்த அன்று கம்பெனி முழுக்க லட்டு கொடுத்தார்கள்.

அந்தச் சத்தியத்தைக் காலின் தன் கூட்டாளிகளிடமும் சொல்லியிருக்கிறான். அதற்குத்தான் இந்தப் பெட்டிப் பேச்சு. திருமூர்த்தி கீழே கீழே படித்துக்கொண்டு போனான். அந்தப் பனியனில் அடுப்பு துடைக்கலாம் என்றான் ஒருவன். வெள்ளையாக இருப்பதால் சரணடைந்தேன் என்று மலைக்குக் கொடி காட்டலாம் என்றான் மற்றவன். இத்தனை கும்மாளத்துக்கு நடுவே யாரோ ஒருவர் சிரிப்பே இல்லாமல் எழுதியிருந்தார். பருத்தி வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், காயாது, பனிக்காற்று அடித்தால் உடம்புச் சூட்டையெல்லாம் அந்த ஈரம் உறிஞ்சிவிடும், நம் ஆட்கள் எத்தனை பேரை இப்படி இழந்தோம் என்று. அதற்கும் அடுத்த வரியில் ராப் அடுப்பைக் கேட்டிருந்தான்.

சிரிப்பில்லாத அந்த வரிகளைத் திருமூர்த்தி மறுபடி படித்தான். வெள்ளியங்கிரியின் ஆறாவது மலைச் சுனையில் குளித்துவிட்டு, நனைந்த பனியனோடு ஏழாவதில் ஏறும்போது பற்கள் கிட்டித்துப் போனது ஞாபகம் வந்தது. பக்கத்தில் வந்தவர் அவன் பனியனை உரித்துப் போட்டுவிட்டு வெறும் மாரைத் தேய்த்துவிட்ட பிறகுதான் நடுக்கம் நின்றது. இத்தனை வருஷமும் அதைச் சாமியின் சோதனை என்றே நினைத்திருந்தான். பனியனின் வேலையாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றவே இல்லை. நம் மலையிலேயே அப்படி என்றால் பனிக்கட்டி மலையில் என்ன ஆகும் என்று நினைத்ததும் பயம் வந்தது. நல்ல பயம். பிரிண்ட்டைக்கூட எடுக்காமல் முதலாளியிடம் ஓடினான்.

"பருத்தியப் போட்டா செத்துருவானா?" அப்புசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்பொறம் நம்மூர்ல ஒருத்தன் உசுரோட இருக்கக் கூடாதே! வெளையாட்டுக்கு எழுதறானுக தம்பி."

"ஒருத்தரு வெளையாட்டா எழுதலீங்ணா. போட வேண்டாம்னு நாம ஒரு வரி எழுதீரலாமுங்க."

அப்புசாமி சுவரிலிருந்த சாமி படங்களைப் பார்த்தார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார். "கெளம்பீருப்பாருங் தம்பி. மலைக்குக் கெளம்புனவரப் பொறத்தாண்ட இருந்து கூப்படறதா? சாமி காலடில வெச்சத வேண்டாங்கறதா? ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா அது நம்மளாலதான்."

எழுதினாலும் தோஷம், எழுதாவிட்டாலும் தோஷம் என்று ஆகிவிட்டது. அன்று மத்தியானம் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டுத் திருமூர்த்தி காலினுக்கு, அந்தக் குழுவின் முகவரியிலேயே எழுதினான். தெய்வாத்தாள் முன்னால் போய் நின்றது போல் நாமும் முன்னால் போய் நிற்கிறோம், பின்னாலிருந்து கூப்பிடவில்லை என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஐயா, எங்கள் பனியனை மலையில் அணிய வேண்டாம், அதனால் உயிருக்கு ஆபத்து, எங்களை மன்னியுங்கள், இப்படிக்குத் தயாரிப்பாளர்.

மறுநாள் காலை குழுவில் ஒரே கூத்து. தயாரித்தவனே தன் பனியன் கொல்லும் என்று எழுதியது போல ஒரு ஜோக்கைப் பிறந்ததிலிருந்து படித்ததில்லை என்று ஆளுக்கு ஆள் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை அப்படியே டீ-ஷர்ட்டில் அச்சடித்துத் தர முடியுமா என்று ஒருவன் கேட்டிருந்தான். காலின் முந்தின நாளே கிளம்பிவிட்டான் என்ற தகவல், கேலிகளுக்கு இடையில், போகிற போக்கில் இருந்தது.

அதன் பிறகு காலினிடமிருந்து எழுத்தே இல்லை. "காலின் இறங்கிவிட்டாரா?" என்று திருமூர்த்தி கேட்டான். "இறங்காவிட்டால் அடுப்பு என் வீட்டுக்கு வந்திருக்குமே" என்றான் ராப். வந்துவிட்டதா வரவில்லையா என்று அவன் சொல்லவில்லை. கடைக்கு ஐ.எஸ்.டி. போட்டுப் பார்த்தார்கள். காலினின் குரல் உற்சாகமாக என்னவோ சொல்லிவிட்டுக் கூவென்று நின்றது. "பேசறாருல்ல தம்பி!" என்று அப்புசாமி துள்ளினார். அது டேப்பில் பிடித்து வைத்த குரல் என்று அவருக்கு எடுத்துச் சொல்லத் திருமூர்த்திக்கு மனம் வரவில்லை. ராத்தூக்கம் போயிற்று. தெய்வாத்தாள் கேட்டதற்கு, ஷிப்மென்ட் டென்ஷன் என்றான்.

அப்புறம் தபாலில் ஒரு போட்டோ வந்தது. சுற்றிலும் பனி, நடுவில் காலின். மேல்கோட்டைக் கழற்றிவிட்டு அந்த வெள்ளைப் பனியனோடு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறான். பின்பக்கம், "சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்" என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது ராப். கடிதம் எதுவும் இல்லை. அப்புசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா, நம்ம பனியன் உச்சிக்குப் போயிருச்சு" என்று உடனே ஆளை அனுப்பி ஃபிரேம் போட்டு, ஆபீசில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டச் சொன்னார். உச்சி என்பது பாதி வழிதான், இறங்கினால்தான் மலை முடியும் என்பது திருமூர்த்திக்குத் தெரியும். அதோடு, காலின் ஏன் தன் கையால் ஒரு வரி எழுதவில்லை? இவர்கள் சிரித்தால் நல்ல சேதியா, கெட்ட சேதியா? அதைத்தான் அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பூஜை. செக்கிங்கில் வேலை பார்க்கும் வேலாத்தாள்தான் எப்போதும் படங்களுக்குப் பூ வைப்பாள். திருமூர்த்தி உள்ளே வந்தபோது சாமிகளுக்கெல்லாம் ஒரு முழம் வைத்து முடித்துவிட்டு, மீதிச் சரத்தைக் காலினின் படத்தைச் சுற்றி மாலையாகப் போட்டிருந்தாள். படத்துக் கண்ணாடி மேல் காலினின் நெற்றியில் சந்தனம், அதன் நடுவே குங்குமம். ஊதுபத்தியை ஏற்றிப் படத்துக்கு முன்னால் குத்தி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏனுங்க தம்பி, நல்ல வயசாட்டத்தான் இருக்குது. எப்பத் தவறுனாருங்க இவரு?"

திருமூர்த்தி படத்தின் பக்கம் வந்தான். மாலையைக் கழற்றத்தான் கையை நீட்டினான். போட்ட மாலையைப் பாதியில் கழற்றலாமா கூடாதா என்று தெரியாமல், விரல் மல்லிகைச் சரத்தைத் தொட்டபடியே நின்றது. ஊதுபத்திப் புகை படத்தின் கண்ணாடியில் ஏறி, பனியும் மலையும் மறைந்து, தூக்கிய இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன.