கங்காதரன் வீட்டு வேம்பு

காற்றில் அவிழ்ந்த கயிறு தானாகச் சுருண்டுபோய் ஒருவன் மாட்டுக்கொட்டகை ஆணியில் தொங்குமா? தொங்கியது. மண்ணூர்பேட்டையில், என் கொழுந்தன் கங்காதரனின் கொட்டகையில், என் கண்ணாலேயே பார்த்தேன்.

அது வெள்ளைக்காரன் சண்டைக் காலம். ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்தார்கள். என் கொல்லையில் ஒரு மாமரம் நின்றது. என் மகள் தாட்சாயிணி பழத்தைத் தின்றுவிட்டுப் புதைத்த கொட்டையில் முளைத்தது. மரம் முதல் பூ விடுவதற்குள் அவளை அம்மை கொண்டுபோய்விட்டது. புருஷனும் போனபின் எனக்கென்று மிச்சம் இருந்தது அந்த மரம்தான்.

ஐப்பசி பிறந்தால் எங்கள் பக்கம் முருங்கையை மொட்டையடிப்பார்கள், வேம்பைக் கழிப்பார்கள், வாழைக்கு முட்டுக் கொடுப்பார்கள். காற்றுக்குப் பிடி கிடைக்கக் கூடாது. என் மாமரம் சாய்வாக வளர்ந்தது. கிளை கழித்தது போதாதென்று, வடக்கயிறு போட்டு, வேலியோரம் நின்ற கங்காதரன் பனையில் இழுத்துக் கட்டினேன். கேட்டுத்தான் கட்டினேன். "கட்டிக்க அண்ணி, பனை இன்னா தேஞ்சா பூடும்?" என்று தெருவே கேட்கச் சொன்னவன், புயலன்று தானே அவிழ்த்துவிட்டான். மாமர நிழலில் அவன் கத்தரிப் பாத்தி சோடை போகிறதாம். மரம் அடியில் முறிந்து விழுந்தது.

"காத்துல அவுந்துட்ச்சி அண்ணி" என்று துக்கம் விசாரிக்க வேறு வந்தான். கயிற்றைப் பார்த்ததை நான் சொல்லவில்லை.

அடுத்த ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்த்த அன்று, பம்பை அடிக்க, தலையை விரித்துப் போட்டேன். நேரே போய், அவன் புது ஓட்டு வீட்டின் மேல் கவிந்திருந்த வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டேன்.

"இதுல நான் குந்திகினேன்டா! இரும்பு பட்டா உன் குடும்பம் தாங்காது!"

வந்தது ஆத்தாவா என்று என்னைக் கேட்டால், ஆத்திரம் என்பேன். அவன் பெண்டாட்டி வேம்புலியம்மாள் ஓடிவந்து மரத்துக்கு மஞ்சள் துணி கட்டினாள். கங்காதரனுக்குத் தலைகால் புரியவில்லை. "ஆத்தா எங்கூட்டாண்ட வந்துட்டா" என்று கரையான்சாவடி வரைக்கும் போய்ப் பீற்றிக்கொண்டான். பீற்றிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐப்பசி வந்தது. தெரு மரமெல்லாம் மொட்டை. அவன் வேம்பு மட்டும் மதமதவென்று தழைத்துக் கூரைமேல் சாய்ந்து நின்றது. பயந்துபோய் மரமேறும் துலுக்கானத்தைக் கூப்பிட்டான்.

"ஆத்தா மேல கத்தி வெக்க சொல்றியா அண்ணாத்தே? எனக்கு புள்ள குட்டி கீது."

அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு துலுக்கானம் போயே போய்விட்டான். கயிறு போட்டாவது இழுத்துக் கட்டலாமே என்கிறீர்களா? ஆத்தாளைக் கயிற்றில் கட்ட எவன் வருவான்?

கார்த்திகையில் புயல் அடித்தது. விடிகிற நேரம், மாடுகளைப் பார்க்க அவர்கள் கொட்டகைக்குப் போயிருந்தபோது, வேம்பு வீட்டின் மேல் விழுந்தது. ஆள் தப்பித்தது அவர்கள் நல்ல காலம். ஓடும் உத்திரமும் நொறுங்கிய சத்தத்தில் என் வயிறு குளிர்ந்தது. மறைப்பானேன்.

மழை விட்ட பிறகும் மரத்தை எடுக்க ஆள் கிடைக்கவில்லை. கோடாலி என்றாலே எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாட்டுக்கொட்டகையில், அந்த ஆணிக்குக் கீழேயே, குடும்பம் படுத்துக் கிடந்தது. கடைசியில் தெருசனம் பின்னால் வர, கங்காதரன் என் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, உம்மேலதான் ஆத்தா வந்தா. நீயே உத்தரவு கேட்டு சொல்லு."

"கேக்கறேன். மொதல்ல நீ சொல்லு. என் கயிறு எப்பிடி அவுந்துச்சி?"

கூட்டத்தைப் பார்த்தான். விழுந்து கிடந்த வீட்டைப் பார்த்தான்.

"நான்தான் அவுத்தேன்."

துலுக்கானம் காறித் துப்பினான். வேம்புலியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு வருஷமாக இந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தேன். கேட்டால் மனசு ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை.

கண்ணை மூடித் திறந்தேன்.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டா. எம்பொண்ணு மரம் பூக்கட்டும். அதுக்கப்பறம் கோடாலி வெச்சிக்க."

எல்லோரும் என் கொல்லையை எட்டிப் பார்த்தார்கள். முறிந்த அடிக்கட்டையிலிருந்து ஒரே ஒரு துளிர் கிளம்பியிருந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை.