வேம்பு தடவிய கை

கூத்தையாவுக்குத் தீட்டு வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு மாசி மாதம், முண்டு மிளகாய் பழுத்து, பறிக்க ஆள் கிடைக்காமல் ஊர் அல்லாடிக்கொண்டிருந்த சமயம். வீட்டுக்குள் அவன் நடந்த இடமெல்லாம் சாணி மெழுகிய தரையில் ரத்தமாகக் கால்தடம் விழுந்தது. உள்ளங்காலைக் கழுவிப் பார்த்தான். முள் குத்தின காயம்கூட இல்லை. இராமநாதபுரத்துச் சிக்கலுக்குக் கிழக்கே உள்ள அந்த ஊர் ஆம்பளைகளுக்குக் காலரா வந்திருக்கிறது, சாமி வந்திருக்கிறது, இது வந்ததில்லை.

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. அவன் பெண்டாட்டி பூமயில் அடுத்தடுத்துப் பெற்றுக்கொண்டே இருந்தாள். பிள்ளை பால் மறக்கும், தீட்டு திரும்பும், தலைமுழுகி வீட்டுக்குள் வருவாள், மறுமாதமே வயிற்றைப் பிரட்டும். ஊரில் அதற்குப் பெயர் குடும்பம். தீட்டு நாளில் பெண்கள் போய்த் தங்க ஊருக்கு வெளியே, பனைகளுக்கு நடுவில் முட்டுவீடு என்று ஓர் ஓலைக் குடிசை உண்டு. மற்றப் பெண்கள் அதைக் கரித்துக்கொட்டினார்கள். பூமயில் அதில் மாதாமாதம் நாலு நாள் காலை நீட்டிப் படுக்கக்கூடக் கொடுத்துவைக்காதவள். ஐந்தாவது பிரசவத்தில் அவள் செத்துப் பிழைத்தபோது, கீழக்கரையிலிருந்து வந்து பிள்ளை எடுத்த குல்சும், "இன்னொன்னுன்னா புள்ளையும் தங்காது, தாயும் தங்கமாட்டா" என்று கூத்தையாவிடம் சொன்னாள். அவன் மாட்டுக்கு வைக்கோல் போடப் போனான்.

ஆகவே கடைசிப் பெண்ணுக்குப் பூமயில் பால் நிறுத்தவில்லை. பால் இருக்கிறவரை தீட்டு திரும்பாது, தீட்டு திரும்பாதவரை தன் உயிருக்குப் பயமில்லை என்று நம்பினாள். பிள்ளை ஓடித் திரிந்தது; மிளகாய்க் கொல்லைக்கு வந்து வரப்பில் நின்றபடியே குடித்தது. ஊர் சிரித்தது. கூத்தையாவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. அஞ்சும் பொட்டையாய்ப் போச்சே என்பது அவன் அரிப்பு.

பால் மறக்கடிக்க வேப்பிலையை அரைத்து மாரில் தடவுவது வழக்கம். தடவுகிற கை பெற்றவளுடையதாக இருக்க வேண்டும். பின்னால் வருகிற தீட்டை அந்தக் கைதான் ஏற்றுக்கொள்கிறது. வழக்கமெல்லாம் பெண்களுக்குத்தான் என்றிருந்த அந்த மடையன், அவள் மிளகாய் பறித்து வந்து அசந்து தூங்கிய மத்தியானத்தில், விழுதைத் தன் கையாலேயே அப்பினான். பிள்ளை வாய் வைத்தது, துப்பியது, வீறிட்டது. பூமயில் கண் விழித்து அவன் கையைப் பார்த்தாள்.

"என் உசுருல தடவிட்டியேடா, பாவி. வாரது ஒனக்கே வரட்டும்."

மறுமாதம் வந்தது.

மறைக்கத்தான் பார்த்தான். அவன் அண்ணன் பெண்டாட்டி சேதுலட்சுமி தடத்தைக் கண்டு ஊரைக் கூட்டிவிட்டாள். முந்தின ஐப்பசியில் முட்டுவீடு ஒழுகி, காய்ச்சலோடு தொழுவத்தில் ஒதுங்க வந்த அவளை, தீட்டு தீட்டுதான் என்று மழைக்குள் திருப்பி விரட்டியவன் இவன். "கொழுந்தனாரே, எனக்கு ஒரு சட்டம், ஒங்களுக்கு ஒரு சட்டமா?" என்று கேட்டாள். ஊர்ப் பெரியவர் முனியசாமி மீசையைத் தடவிவிட்டு, பனைகள் இருந்த பக்கம் கையைக் காட்டினார். கூத்தையா பாயைச் சுருட்டிக்கொண்டு முட்டுவீட்டுக்குப் போனான்.

தலைமுழுகித் திரும்பினால் தடம் சுத்தமாக இருக்கும். பூமயிலின் பாய்ப்பக்கம் ஓர் எட்டு வைத்தால் மறுபடி சிவப்பு, மறுபடி முட்டுவீடு. இராமநாதபுரத்து டாக்டர் காலைப் புரட்டிப் பார்த்து, ரத்தம் நல்ல ரத்தம்தான் என்று அனுப்பிவிட்டார். அவனும் புத்தி வராமல் எட்டு வைத்துக்கொண்டேதான் இருந்தான். பூமயிலுக்கு ஆறாவது பிள்ளை பிறக்கவில்லை, தீட்டும் திரும்பவில்லை. மூத்த பெண்கள் வாக்கப்பட்டுப் போனார்கள். கூத்தையாவைக் களத்து வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் அவன் வீட்டில் இருக்கிறானா, முட்டுவீட்டில் இருக்கிறானா என்று கேட்டுவிட்டுத்தான் வந்தார்கள்.

அறுபத்து நாலில், தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன மார்கழியில், மழை விடாத ஒரு சாயங்காலம், பூமயிலுக்கு அவளுடையது திரும்பியது. யாரிடமும் சொல்லாமல் நனைந்துகொண்டே முட்டுவீட்டுக்கு நடந்தாள். உள்ளே கூத்தையா படுத்திருந்தான்.

"எந்திரி. வெளிய போ."

"மழை பெய்யுதே, பூமயிலு."

"தீட்டு தீட்டுதான்" என்றாள்.

பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அவன் போனான். விடிந்ததும் அந்த வழியே கொல்லைக்குப் போனவர்கள், பனையடியில் தொப்பலாக உட்கார்ந்திருந்தவனிடம் மழை நிற்குமா என்று கேட்டுவிட்டு நடந்தார்கள். பூமயில் காலை நீட்டி உச்சிப்பொழுதுவரை தூங்கினாள். யாரும் எழுப்பவில்லை.