சகலைக்கு மட்டும் ‘நீ’

என் சகலை ஒன்றுக்கும் உதவாதவன் என்பதுதான் அவனிடம் எனக்குப் பிடித்த விஷயம். அதையும் கெடுத்துவிட்டான்.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். மாமனார் வீட்டு சோபாவைத் தேய்த்துக்கொண்டு கிடந்தவனை நான் வேலை பார்த்த சலவைக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே நான்தான். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் போர்வைகளும் லாரி லாரியாக வந்து இறங்கும் இடம். எந்நேரமும் ஈர வாடை. டிரையர் பக்கம் போனால் முகம் வெந்துவிடும். எந்த மெஷினில் எது ஓட வேண்டும், எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எல்லாம் மேற்பார்வையாளனான என் கையில் இருந்தது. எப்போதும் விறைப்பாக நிற்கிறேன் என்று முதலாளியம்மா எனக்கு ‘கஞ்சி’ என்று பெயர் வைத்திருந்தார். “டேய் கஞ்சி, அந்த மெஷின் ஏன்டா ஊளையிடுது? நீ என்ன தூங்கறியா?” என்று அவர் மாடியிலிருந்து போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். எனக்கு மானம் போகும்.

எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் விண்ணப்பத்தில் ‘சலவை’ என்று எழுதக் கை கூசியது. அழுக்குத் துணிக்காரனை எந்தக் காலேஜ் கூப்பிட்டு உட்கார வைக்கும்? அதனால் விண்ணப்பம் போடக் கொஞ்ச நாளே இருக்கும்போது ஓர் ஆலோசனை நிறுவனத்துக்குத் தாவினேன். கண்ணாடி அறை, ‘வியூக மேலாளர்’ என்று அச்சடித்த அட்டை. அங்கே நான் வகுத்த ஒரே வியூகம், காபி மெஷினில் கூட்டமில்லாத நேரத்தைக் கண்டுபிடித்ததுதான். போகும்போது என் நாற்காலிக்குச் சகலையின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனேன். பெரிய மனசெல்லாம் இல்லை. அவன் சொதப்பினால் என் அருமை தெரியும் என்று கணக்குப் போட்டேன்.

பாவி, சொதப்பவில்லை.

“சின்ன மாப்பிள்ளை இல்லாம அங்க ஒரு துணி நகராதாமே!” என்றார் மாமியார், என் தட்டில் சாதம் போட்டுக்கொண்டே. அத்தனை வருஷம் நான் நகர்த்தியது துணி இல்லாமல் என்னவாம்? சாப்பாடு முடிவதற்குள் சகலை இன்னொன்றையும் போட்டான்.

“சகலை, நீங்க அப்ளை பண்ற காலேஜுக்கே நானும் போடலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?”

“போடேன்” என்றேன், வாயெல்லாம் பல்லாக. என் வேலை, என் நாற்காலி, இப்போது என் காலேஜ். விட்டால் வாசலில் கிடக்கும் என் செருப்பையும் மாட்டிக்கொண்டு போவான்.

காலேஜில் சிபாரிசுக் கடிதம் கேட்டார்கள். நம் வேலையைக் கிட்ட இருந்து பார்த்த மேலதிகாரி எழுத வேண்டும். புது அதிகாரியிடம் போய் நின்றேன். “உங்களப் பத்தி நான் என்னங்க எழுதறது? உங்க முகமே இப்பதான் பழகுது” என்றார். நியாயம்தான். கண்ணாடி அறைக்கு ஆசைப்பட்டபோது இது என் மூளைக்கு எட்டவில்லை.

“பழைய முதலாளியம்மாகிட்டயே போய்க் கேளுங்க” என்றாள் மனைவி.

“நட்டாத்துல விட்டுட்டுப் போனவன்டி நான். திட்டித் தீர்த்துடுவாங்க.”

“திட்டினா வாங்கிக்குங்க. அந்தக் கடிதம் இல்லன்னா இந்த வருஷமும் போச்சு.”

திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். உண்மையைச் சொன்னால், வழியெல்லாம் அவர் என்னவெல்லாம் திட்டுவார் என்று நானே ஓட்டிப் பார்த்துக்கொண்டு போனேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

முதலாளியம்மா மாடிப்படி இறங்கி வந்தார். “வாங்க சார்! நல்லா இருக்கீங்களா? உக்காருங்க. டீ சொல்லட்டுமா?”

கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியைத் துடைத்து என் பக்கம் தள்ளினார். பில் கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலி. என்னுடையது உள்ளே மெஷின்களுக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் முதுகில் சகலையின் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு மெஷின் கத்தியது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். எழுந்துவிட்டேன். “பெல்ட் நழுவுதும்மா. நாம முதல்ல லோடை இறக்கிட்டு...”

“நீங்க உக்காருங்க சார், சட்டை அழுக்காயிடும். நாங்க பாத்துக்கறோம்.” என்னிடம் இதைச் சொல்லிவிட்டு உள்பக்கம் திரும்பி ஒரு கத்து கத்தினார். “டேய்! எங்கடா போய்த் தொலைஞ்ச நீ? காது அடைச்சுப் போச்சா?”

சகலை முழங்கை வரை ஈரத்தோடு ஓடி வந்தான். திட்டு வாங்கிய சுவடே இல்லை, இளித்துக்கொண்டு மெஷினுக்குள் தலையை விட்டான். எனக்கு அவனை அப்படியே உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தலாம் போலிருந்தது. அந்த ‘டேய்’ என்னுடையது. அந்த ‘நீ’ என்னுடையது.

சத்தம் அடங்கியதும் விஷயத்தைச் சொன்னேன்.

“அதுக்கென்ன சார், தாராளமா எழுதித் தர்றேன். நல்லாப் படிங்க.”

அவ்வளவுதான். ஒரு தும்மல் போடும் நேரத்தில் முடிந்துவிட்டது.

கையைத் துடைத்துக்கொண்டே சகலை பக்கத்தில் வந்து நின்றான். “அம்மா, அப்படியே எனக்கும் ஒண்ணு...”

முதலாளியம்மாவின் முகம் மாறியது. “உனக்கா? உனக்கு ஒரு வரி எழுதமாட்டேன். போடா உள்ள.”

“அவருக்கு மட்டும் எழுதறீங்க?”

“அவரு வேற, நீ வேற. நீ போயிட்டா நான் என்னடா பண்ணுவேன்?” சட்டென்று மெஷின்கள் பக்கம் திரும்பிக்கொண்டு புறங்கையால் கண்ணைத் துடைத்தார்.

நான் வேலையை விட்ட அன்று அவர் என்னிடம் “நல்லா இருங்க” என்று சொல்லி அனுப்பினார். முதல்முறையாக அந்த ‘ங்க’. ஒருவழியாக மரியாதை வந்துவிட்டது என்று பூரித்துப்போய் வீட்டுக்கு வந்து மனைவியிடம் வேறு சொன்னேன்.

“குடுத்து வெச்சவரு சகலை நீங்க. கேட்ட உடனே கிடைச்சுது” என்றான் சகலை, தாழ்ந்த குரலில். அவன் முகத்தில் இருந்தது அசல் பொறாமை. அதை ஒருநாள் பார்த்துவிட வேண்டுமென்று எவ்வளவு ஏங்கியிருப்பேன்! கண் முன்னால் இருந்தது, ஒரு துளி ருசிக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவனுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டால் அவனையும் அனுப்பிவிட்டதாகத்தானே அர்த்தம்? அப்புறம் அவனும் நானும் ஒன்று.

“அவனுக்கும் எழுதிக் குடுத்துடுங்கம்மா” என்றேன். “அவனும் முன்னுக்கு வரட்டும்.”

சகலை என் கையைப் பிடித்துக்கொண்டான். ஈரக் கை. “சகலைன்னா நீங்கதான் சகலை” என்றான்.

முதலாளியம்மா என்னையே பார்த்தார். “உங்களுக்குப் பெரிய மனசு சார். நீங்களே சொல்லும்போது நான் என்ன சொல்ல?” அவன் பக்கம் திரும்பினார். “எழுதித் தர்றேன்டா. ஆனா படிச்சு முடிச்ச கையோட இங்க வந்து நிக்கணும். நீ வர்ற வரைக்கும் அந்த நாற்காலி காலியாவே கிடக்கும். வேற ஒருத்தன உக்கார விட்டேனா பாரு.”

அவன் தலையாட்டினான். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது. நான் விட்டுவிட்டுப் போன மறுநாள் காலையே அவன் அதில் உட்கார்ந்தான்.

முதலாளியம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை எடுத்தார். “உங்களோடத முதல்ல எழுதிடறேன் சார், உங்களுக்கு நேரமாகுமில்ல. உங்க முழுப் பேரு என்ன?”

“தெரியாதாம்மா?”

“அந்தப் பேரச் சொல்லி இங்க யாரும் உங்களக் கூப்பிட்டதே இல்லயே சார். தப்பா எழுதிடக் கூடாது பாருங்க.”

‘கஞ்சின்னே எழுதுங்க’ என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். சிரித்து முடித்துவிட்டு, “சொல்லுங்க சார்” என்றிருப்பார்.

என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.